அம்பாப் பாட்டும் பியானோவும்

கல்முனைக் கரையிலே கரைவலை இழுக்கும்போது நம் மூத்தவாப்பாமார் பாடிய அம்பாவைப் பற்றி வகுப்பிற் பேசிக்கொண்டிருந்தேன். "சேர், அதைப் பியானோவில் வாசிக்கலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். சிறிய வினாத்தான். ஆயின், நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் இசை இதே வினாவைச் சந்தித்தது. அலெக்சாந்தர் எல்லிஸ் என்ற ஆங்கில அறிஞர் 1885 இல் வெளியிட்ட ஆய்வில், சயாமியர் ஒரு ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான 7 பங்குகளாக வகுப்பதை எடுத்துக் காட்டினார். பியானோவோ அதனையே 12 பங்குகளாக வகுப்பது. ஆதார சுரமும் அதன் மேல் ஸ்தாயிச் சுரமும் நீங்கலாக ஏனையவை சரிவரப் பொருந்துவதில்லை. பியானோவில் ஏறும் சயாமிய மெட்டு, தன் ஊர் உச்சரிப்பைச் சற்றே இழந்துதான் பேசுகிறது. இதனை அறிந்தும் அங்குள்ளோர் கைகட்டி நிற்கவில்லை. 1932 இல் தம் நாட்டின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த பிரா சென்துரியாங், பழைய மெட்டுக்களை மேனாட்டுக் குறியீட்டில் எழுதிவைக்கும் பணியிலும் உழைத்தார்.

நம் மொழியுலகில் அப்பணியை முன்பே தொடங்கியவர் சென்னை ஏ. எம். சின்னசாமி முதலியார். கர்நாடக இசையைப் பியானோ வாசிப்போரும் படித்தறியும் ஐரோப்பியக் குறியீட்டில், 1892 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டார். அரசாங்க உத்தியோகத்தில் ஈட்டிய பொருளையும், ஈற்றில் கண்பார்வையையும் அதற்கே ஈந்தார். ஐந்து கோட்டிலே சுரம் நிற்கும். சுரத்துக்குச் சுரம் வழுக்கி அசையும் கமகம் எளிதில் நிற்குமா? அதனாலன்றோ அவர் பரம்பரை வித்துவான்களை நாடினார்! அவர்களுள் ஒருவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்த முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப வழியினர். முதலியாரின் தூண்டுதலால் அவர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904 இல் வெளிவந்தது. கமகங்களுக்கெனத் தனி அடையாளங்கள் அந்நூலில் உள்ளன.

ஆகவே கலப்பு குற்றமன்று. பாடுவோரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துச் செல்வதே குற்றம்.

இங்கு ஒன்றை நாம் மறத்தலாகாது. சயாமிய இசைக்கு அரசவை இருந்தது. தீட்சிதரின் நூலை அச்சேற்ற எட்டயபுரம் சமஸ்தானம் இருந்தது. வலை இழுத்தவனின் அம்பாவுக்கும், வயலில் அறுவடை செய்தோரின் கவிக்கும் எந்தச் சமஸ்தானம் உண்டு? உழைப்பாளியின் வியர்வையிற் பிறந்த பாட்டுக்கு உழைப்பாளியின் பிள்ளைகளே புரவலர்.

அம்பாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாடுவர். வலையின் பாரமே அதன் தாளம். கடலின் இழுவைக்கு ஏற்ப அது நீளும், குறுகும். பியானோவின் கட்டைகள் அந்தப் பாரத்தை அறியா. அறிந்தவர்கள் நம் முதியவர்களே. அவர்களோ ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிகிறார்கள்.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "வாசிக்கலாம், மகன். ஆனால் முதலில் உன் மூத்தவாப்பாவிடம் போ. அவரைப் பாடச் சொல்லி, கையிலுள்ள தொலைபேசியிற் பதிவுசெய். அவர் பெயரையும், எந்தத் துறையில் எந்த வலைக்குப் பாடினார் என்பதையும் எழுதிவை. அதன்பின் பியானோவைத் திற."