கல்லடிப் பாலம்: பகலும் இரவும் படமெடுப்போருக்கு ஒரு கையேடு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அழைப்பது எமது வழக்கு. சூரியன் எழும் கரை ஒன்று, சூரியன் படும் கரை மற்றொன்று. வெளிச்சம் வரும் திசையை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்ட ஊர் இது. இங்கு கமெராவுடன் புறப்படுபவர் முதலில் அறியவேண்டியதும் அந்தத் திசையைத்தான்.

அண்மைக் காலமாக மட்டக்களப்பு நகரையும் கல்லடிப் பாலத்தையும் படமெடுக்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகியிருக்கிறது. பெரும்பாலானோரின் கருவி கைத்தொலைபேசிதான். தொழில்முறைப் பயிற்சி இல்லாத இவர்களுக்குப் பயன்படக்கூடிய அடிப்படைத் தகவல்களைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். படத்தை எடுப்பதோடு, எடுத்த படத்தைக் காப்பதும் இதில் அடங்கும்.

இரு பாலங்கள்

கல்லடியில் இன்று அருகருகே இரண்டு பாலங்கள் உள்ளன. பழையது 1924ஆம் ஆண்டைச் சேர்ந்த இரும்புப் பாலம். அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் மனிங்கின் துணைவியாரின் பெயரால் அது லேடி மனிங் பாலம் என வழங்கியது. எதிரெதிரே வாகனங்கள் ஒரே நேரத்தில் செல்ல முடியாத ஒடுக்கமான பாலம் அது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடக்கும்வரை மறுபக்கத்தில் காத்து நின்ற நினைவு எம்மில் பலருக்கு உண்டு. 2013இல் அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் அகற்றப்படாமல் அதன் அருகிலேயே நிற்கிறது.

படமெடுப்பவருக்கு இது நல்வாய்ப்பு. புதிய பாலத்திலிருந்து பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பக்கவாட்டில் முழுமையாகப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர விரும்பினால் வாவிக்கரைக்கு இறங்கவேண்டும்.

ஏன் இந்தப் படங்கள்?

போர்க்காலத்தில் பாலம் என்பது படமெடுக்கும் இடமாக இருக்கவில்லை. காவலரண், சோதனை, அடையாள அட்டை, விசாரணை இவைதான் பாலத்தின் அடையாளங்கள். அங்கே கமெராவைத் தூக்கிப் பிடிப்பது தேவையற்ற சந்தேகத்தை வலிந்து தேடிக்கொள்வதற்குச் சமம். அதனால் பல ஆண்டுகால அன்றாட வாழ்க்கைக்குச் சாதாரண மக்கள் எடுத்த படங்கள் மிகக் குறைவு. இருந்த படங்களும் இடப்பெயர்வுகளில் கைவிடப்பட்டன, வீடுகளோடு எரிந்தன. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை 2004 டிசம்பர் 26 கடற்கோள் கல்லடி, நாவலடிக் கரையோரத்தில் கொண்டுசென்றது. தாயின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன.

இதனால்தான் பொழுதுபோக்காக எடுக்கும் பாலத்துப் படம் இங்கே கூடுதல் பெறுமதி பெறுகிறது. யார் கடந்தார்கள், எந்தத் தோணி நின்றது, கரையில் எந்த மரம் இருந்தது என்பதை இன்னும் 20 ஆண்டுகளில் ஒருவர் தேடும்போது, கையில் கிடைக்கப்போவது இப்படிப்பட்ட படங்கள்தான்.

பகல் வெளிச்சம்

மட்டக்களப்பில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ காலை 5.45க்கும் 6.25க்கும் இடையில் நிகழ்கிறது. மறைவு மாலை 5.40க்கும் 6.30க்கும் இடையில். கடல் கிழக்கே இருப்பதால், காலையில் நகரப்பக்கக் கரையில் நின்று கல்லடியை நோக்கினால் பாலம் வெளிச்சத்துக்கு எதிராகக் கருநிழலாகத் தெரியும். மாலையில் கல்லடிப் பக்கம் நின்று நகரை நோக்கினால் அதே விளைவு கிடைக்கும். இரும்பின் நிறமும் துருவும் ஆணிகளும் தெளிவாக வேண்டுமென்றால் சூரியனை உங்கள் முதுகுப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறையும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. ஜூனில் நேர்மேற்கிலிருந்து வடக்கே தள்ளியும் டிசம்பரில் தெற்கே தள்ளியும் மறைகிறது. ஒரு மாதத்தில் பாலத்தின் ஓரத்தில் விழுந்த சூரியனை இன்னொரு மாதத்தில் அதே இடத்தில் எதிர்பார்க்க முடியாது.

உச்சி வெயிலில் நீரின் பளபளப்பு படத்தைக் கெடுக்கும். கமெரா வைத்திருப்பவர்கள் முனைவாக்க வடிகட்டியைப் பொருத்தினால் அது குறையும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாவியில் சிற்றலை எழுவதால் நீரில் பிம்பம் உடைந்துவிடும். காற்று அடங்கிய அதிகாலையே பிம்பத்துக்கு ஏற்றது. வாடைக்கால மழை மேகங்களைக் கண்டு வீட்டில் இருந்துவிடவேண்டாம். மழை ஓய்ந்தவுடன் கிடைக்கும் தெளிவு கோடையில் கிடைக்காது.

அந்த 20 நிமிடங்கள்

நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழிறங்குவதால் அந்திப்பொழுது இங்கே குறுகியது. மறைவுக்குப் பின் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு வானம் ஆழ்ந்த நீலத்தில் இருக்கும். வீதி விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். வானமும் விளக்குகளும் ஒரே அளவு பிரகாசத்துக்கு வரும் அந்தச் சிறிய இடைவெளிதான் பாலத்தைப் படமெடுக்க மிகச்சிறந்த நேரம். அதற்குப் பிறகு வானம் கருமையாகி, பாலத்தின் வடிவம் இருட்டோடு கலந்துவிடும். எனவே சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தைத் தெரிவுசெய்து காத்திருங்கள்.

இரவில்

இரவுப் படத்தின் முதல் தேவை ஆடாமல் நிற்பது. முக்காலி இல்லாவிட்டால் மதில், கல், மணல் நிரப்பிய ஒரு பை போதும். வாகனங்கள் செல்லும் பாலத்தின் மீது முக்காலியை வைக்கவேண்டாம். பாரவண்டி ஒன்று போனாலே பாலம் அதிர்ந்து படம் மங்கிவிடும். போக்குவரத்துக்கும் ஆபத்து. கரையே பாதுகாப்பானது.

கமெராவில் ஐஎஸ்ஓ 100 அல்லது 200, துவாரம் எஃப் 8, திறப்பு நேரம் 8 முதல் 15 செக்கன் என்று தொடங்கிப் பாருங்கள். படம் இருண்டால் நேரத்தைக் கூட்டுங்கள். பொத்தானை அழுத்தும் கையின் அசைவு படாதிருக்க 2 செக்கன் தாமதத்தைப் பயன்படுத்தலாம். இந்த நீண்ட திறப்பில் வாகன விளக்குகள் கோடுகளாகும், அலைகள் மென்மையாகும், விளக்குகளின் பிம்பம் நீரில் நீண்டு விழும். கைத்தொலைபேசியில் இரவுப் பயன்முறையைத் தெரிவுசெய்து, திரையில் விளக்கைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் விளக்குகள் வெள்ளைத் திட்டுகளாகாமல் தப்பும். பிளாஷ் வேண்டாம். அது பாலம்வரை எட்டாது.

பூரணை நிலவு சூரியன் மறையும் வேளையையொட்டிக் கிழக்கே, கடல் பக்கம் எழும். பூரணைக்கு முதல்நாள் நிலவு சற்று முன்கூட்டியே எழுவதால் வானில் இன்னும் வெளிச்சம் இருக்கும். நிலவும் பாலமும் ஒரே படத்தில் தெளிவாக அமைவது அன்றுதான். பூரணை இரவுகளில் பாடும் மீன்களின் ஒலியைக் கேட்கத் தோணியில் செல்வதும், துடுப்பை நீரில் வைத்து மறுமுனையில் காது வைப்பதும் கல்லடியின் பழைய வழக்கம். அப்படிக் காது கொடுத்திருப்பவரின் முகத்தையாவது படம் பிடிக்கலாம்.

மனிதரும் சட்டமும்

வலை வீசுபவரையோ பாலத்தில் தனித்து நிற்பவரையோ படமெடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள். போரைக் கண்ட ஊரில், தெரியாத ஒருவர் தன்னைப் படமெடுப்பது வெறும் கூச்சத்தை மட்டும் ஏற்படுத்துவதில்லை, பயத்தையும் கிளறும். மறுத்தால் அழித்துவிட்டு, அழித்ததைக் காட்டுங்கள். படை முகாம்களையும் காவலரண்களையும் சட்டகத்துக்குள் சேர்க்கவேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பின்பற்றவேண்டும்.

எடுத்த படத்தைக் காத்தல்

நல்ல படங்கள் தொலைவது பெரும்பாலும் எடுத்த பிறகுதான். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பும்போது படத்தின் தரம் சுருங்குகிறது. எடுத்த திகதியும் இடமும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எனவே மூலப்படத்தை வேறாக வைத்திருங்கள். ஒரு பிரதி கணினியிலோ வன்தட்டிலோ, மற்றொன்று வேறு வீட்டில் அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். வெள்ளமோ தீயோ வந்தால் இரண்டும் ஒன்றாக அழியக்கூடாது.

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விபரங்களை எழுதுங்கள்: திகதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை. படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேருங்கள். "கல்லடிப் பாலம், அழகிய மாலை" என்ற குறிப்பு நாளை யாருக்கும் உதவாது.

வீட்டில் பழைய கடதாசிப் படங்கள் எஞ்சியிருந்தால், நிழலான வெளிச்சத்தில், பிளாஷ் இன்றி, நேர்மேலிருந்து அவற்றையும் படமெடுத்து வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றை வலிந்து பிரிக்கவேண்டாம். பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்தே படமெடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடவேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் தவணை கிடையாது.

தொடங்குவது எப்படி?

வாவிக்கரையில் ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, பின்னேரம் ஒரு படமும் விளக்குகள் எரிந்தபின் ஒரு படமும் எடுங்கள். ஓராண்டில் 24 படங்கள் சேரும். கச்சானும் வாடையும், நிறைந்த வாவியும் வற்றிய கரையும் அவற்றில் தெரியும். பிறகு அவற்றை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பாலத்தின் எந்தப் பக்கத்தில் யார் நின்றார்கள், எங்கே இறங்கி நடக்கவேண்டியிருந்தது என்று அவர் சொல்லத் தொடங்கும்போது குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று எடுக்க முடியாமல் போன படங்களுக்கு இனி அந்தக் குறிப்புகள்தான் பதிவு.