ரத்தத்தில் ஈஸ்ட்: மூன்று மருந்துகளின் கதை

2021ல "ஆம்போடெரிசின் ஒரு வயல் கிடைக்குமா"ன்னு ஊரெல்லாம் அலைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? அது கறுப்புப் பூஞ்சைக்கு. இன்னைக்குச் சொல்லப்போறது கேண்டிடா என்ற ஈஸ்ட் பற்றி.

நம்ம வாயிலும் குடலிலும் சும்மா கிடக்கிற கிருமிதான். ஐசியூவில் பல நாள் இருப்பவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் ட்யூப் போட்டவர்கள், பலமான ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள்... இவங்க ரத்தத்துக்குள் இறங்கிட்டா ஏறக்குறைய மூன்றில் ஒருவரை இழக்கிறோம்.

முதலில் கையில் இருந்தது ஆம்போடெரிசின். 1950களில் வெனிசுலாவின் ஓரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்தது. பூஞ்சையின் சவ்வில் ஓட்டை போடும். ஆனா நோயாளிக்குக் குளிர் உலுக்கும், கிட்னி அடி வாங்கும். பிறகு வந்த லைப்போசோமல் வகை கொஞ்சம் சாது. விலை சாது இல்லீங்க!

1990ல் அமெரிக்காவில் ஃப்ளூகோனசோல் அனுமதி பெற்றது. பூஞ்சை தன் சவ்வுக்கான கொழுப்பைத் தயாரிப்பதையே தடுக்கும். ரத்தத் தொற்றில் ஆம்போடெரிசினுக்கு ஈடாக வேலை செய்யுது, பக்கவிளைவு குறைவுன்னு 1994ல் ஓர் ஆய்வு வந்தது. மலிவு, மாத்திரையாவும் கிடைக்கும். எங்க தலைமுறை படிச்சு வந்ததே இந்த மருந்தை நம்பித்தான்.

2009ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து புது ஈஸ்ட் ஒன்றை விவரித்தார்கள். பெயர் கேண்டிடா ஆரிஸ். லத்தீனில் ஆரிஸ்னா காது. நாலே வருஷத்தில், 2013ல், டாக்டர் அனுராதா சௌத்ரி குழு டெல்லி மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்தில் அது இருப்பதை வெளியிட்டது. லேப் மெஷின்கள் வேற பெயர் காட்டி ஏமாந்தன. ஃப்ளூகோனசோல் பலிக்கவில்லை.

ரெட்டியார்சத்திரம் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க அடிக்கிற டெபுகோனசோல், ஹெக்சகோனசோல் எல்லாம் ஃப்ளூகோனசோலோட பங்காளிங்கதான். 2022ல் அதே குழு, சேமித்து வைத்த ஆப்பிள் தோலிலும் ஆரிஸைக் கண்டது. இந்த மருந்தடிப்புதான் அதைப் பழக்கியதா என்பது இன்னும் சந்தேக அளவில்தான் இருக்கு. அதனால டப்பாவில் போட்ட அளவைத் தாண்டாதீங்க.

மூன்றாவது, பூஞ்சையின் சுவரை உடைக்கும் எக்கினோகேண்டின் வகை. அதில் முதலாவதான காஸ்போஃபங்கின் 2001ல் வந்தது. 2016 அமெரிக்க வழிகாட்டுதல் இந்த வகையைத்தான் முதலில் தொடங்கச் சொன்னது. ஆரிஸும் பெரும்பாலும் இதுக்கு அடங்கும். ஊசி மட்டும்தான். கண், மூளை, சிறுநீர் மூன்றிலும் சரியாகச் சேராது. அதனால்தான் ரத்தத்தில் ஈஸ்ட் என்றதும் கண் டாக்டரையும் கூப்பிடுறோம்.

"ஏற்கெனவே ரத்தம் இல்லாதவர், இன்னும் ரத்தம் எடுக்கிறீங்களே"ன்னு வார்டு வாசலில் கோபப்படுறீங்க. நியாயம்தான். ஆனா அந்தக் கல்ச்சர் பாட்டில்தான் எந்த ஈஸ்ட், எந்த மருந்துக்கு மசியும்னு சொல்லும். மசியும்னு வந்தா சில நாளில் விலை கூடின ஊசியை நிறுத்தி ஃப்ளூகோனசோலுக்கு மாத்திடலாம். ரத்தம் சுத்தமான பிறகும் குறைந்தது 14 நாள் மருந்து. அந்த 14ஐ எண்ணத் தொடங்கவும் திரும்ப ரத்தம் எடுத்தாகணும்.