ஜியோலைட்: கண்ணுக்குத் தெரியாத துளையை எப்படி அளக்கிறாங்க? பெட்ரோலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம். ரோம் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் டன் கணக்கில் ஒரு பொருள் பெங்களூருவுக்கு வந்து இறங்கியது. அது மருந்து இல்லை, ஜியோலைட். மருத்துவமனை ஆக்சிஜன் பிளான்ட்டுகளில் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆக்சிஜனை வெளியே விடுவது இதுதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகைகள்தான் பெட்ரோல் தயாரிப்பில் வினையூக்கியாக வேலை செய்கின்றன.

ஜியோலைட் அப்படின்னா என்ன?

சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கோர்த்த ஒரு கூடு. உள்ளே ஒரே அளவிலான நுண்துளைகள் வரிசையாக இருக்கும். 1756-இல் ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் இந்த வகைக் கல்லைச் சூடாக்கியபோது, உள்ளிருந்த தண்ணீர் கொதித்து வெளியேறியது. அதனால் கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். மகாராஷ்டிராவின் எரிமலைப் பாறைகளில் இது இயற்கையாகவே கிடைக்கிறது. ஆலைகளில் வினையூக்கியாகப் பயன்படுவது பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிக்கப்படுவதுதான்.

கொல்லிமலை உச்சிகளில் உள்ள பாக்சைட்டிலும் அலுமினியம், ஆக்சிஜன் இருக்கு. ஆனா அது ஜியோலைட் ஆகாது. என்ன அணுக்கள் இருக்கின்றன என்பது மட்டும் போதாது, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் முக்கியம்.

துளையின் அளவு ஏன் முக்கியம்?

துளைக்குள் நுழையும் மூலக்கூறுகள்தான் உள்ளே வினைபுரியும். சென்னை மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில், கனமான எண்ணெயை உடைத்து பெட்ரோலாக்கும் யூனிட்டில் 'ஒய்' வகை ஜியோலைட் பயன்படுகிறது. இதன் துளை வாசல் சுமார் 0.74 நானோமீட்டர். 'இசட்எஸ்எம்-5' வகைக்கு சுமார் 0.55 நானோமீட்டர்தான். ஒல்லியான பாரா-சைலீன் இதில் வேகமாக நழுவிப் போகும், அகலமான மற்ற சைலீன்கள் திணறும். பாலியஸ்டர் சட்டைக்கு மூலப்பொருள் இந்த பாரா-சைலீன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி பால் ரத்னசாமியின் குழு, புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 'என்சிலைட்' என்ற ஜியோலைட் வினையூக்கிகளை உருவாக்கியது. 1980-களில் அவை இந்திய ஆலைகளிலேயே பயன்பாட்டுக்கு வந்தன. அவருக்கு 2001-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

1. எக்ஸ்-ரே சிதறல்: தூளின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், அணு அடுக்குகளுக்கு ஏற்ப குறிப்பிட்ட கோணங்களில் சிதறும். இது ஜியோலைட்டின் கைரேகை மாதிரி. 200-க்கும் மேற்பட்ட கூடு வகைகள் இதுவரை பதிவாகியுள்ளன.

2. நைட்ரஜன் சோதனை: மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, எவ்வளவு உள்ளே ஒட்டுகிறது என்று அளப்பார்கள். நல்ல 'ஒய்' ஜியோலைட் ஒரு கிராமுக்கு 600 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு காட்டும். அதாவது ஒரு கிராம் தூளுக்குள் நான்கு கபடி ஆடுகளத்துக்கும் மேல் இடம்!

3. என்எம்ஆர்: அலுமினியம் கூட்டுக்குள் இருக்கிறதா, கழன்று வெளியே வந்துவிட்டதா என்று சொல்லும். கூட்டுக்குள் இருக்கும் அலுமினியம்தான் அமிலத்தன்மைக்குக் காரணம். எண்ணெயை உடைப்பது அந்த அமிலத்தன்மைதான்.

4. அமோனியா சோதனை: அமோனியாவை ஒட்டவைத்துப் பிறகு சூடாக்குவார்கள். அதிக வெப்பத்தில்தான் விட்டுப் பிரிகிறது என்றால், அமிலம் வலுவானது.

ஒரு சோதனை போதாதா?

போதாது. ஆலையில் ஓடும் வினையூக்கியின் மேல் கரி படியும். அதை எரித்து நீக்கும்போது வெப்பம் சுமார் 700 டிகிரி, கூடவே நீராவி. இதில் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். கரி துளை வாசலை அடைத்திருந்தாலும் எக்ஸ்-ரே கைரேகை பெரிதாக மாறாமல் இருக்கலாம். கூடு இருக்கும், ஆனா வழி இருக்காது. அதை நைட்ரஜன் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

முடிவு தவறினால் இரண்டு பக்கமும் நஷ்டம். அடைப்பு மட்டும் என்றால் கரியை எரித்து மீண்டும் பயன்படுத்தலாம். கூடே சிதைந்திருந்தால் எரித்தும் பயனில்லை, புதிதாகச் சேர்க்கணும். சேர்க்காவிட்டால் அதே கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் குறையும்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுகளுக்கென்றே சென்னை ஐஐடியில் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் 2006 முதல் இயங்கி வருகிறது.