நகர்க்காட்சி முனைகள்: கமுதி – இராமேசுவரம் வட்டாரம்

காட்சி முனை என்றதும் கொடைக்கானலோ திருச்சி மலைக்கோட்டையோதான் நினைவுக்கு வரும். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடலை நோக்கி மெல்லச் சரியும் இச்சமவெளியில் மேடு என்றால் கண்மாய்க் கரை, மணற்குன்று, கோபுரம், பாலம், அவ்வளவுதான். குன்றில்லா நாட்டில் உயரம் தேடுவது நில அளவையாளர்களுக்கும் தலைவலியாக இருந்தது. தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளந்த வில்லியம் லாம்டன், காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களையே நம்ப வேண்டியிருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் கருவி மோதிச் சேதமடைந்தது.

கமுதியில் குண்டாற்றங்கரையில் சேதுபதிகள் கட்டிய கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. ஊரையும் ஆற்றையும் சேர்த்துப் பார்க்க ஏற்ற இடம் அதுவே. இதே வட்டாரத்தின் மிகப் பெரிய காட்சியைத் தரையில் நின்று பார்க்கவே முடியாது. 2016இல் செங்கப்படை அருகே தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. சாலையில் நிற்பவர் கண்ணுக்கு முன்வரிசைப் பலகைகள் மட்டுமே படும். முழு உருவம் தெரிய விமானமோ செயற்கைக்கோள் படமோ வேண்டும்.

ஓர் ஊரை முழுதாகக் காட்டும் இடம் இவ்வட்டாரத்தில் ஒன்றுதான்: இராமேசுவரம் கந்தமாதன பர்வதம். பெயர்தான் பர்வதம், உண்மையில் மணல் மேடு. ஆனாலும் தீவிலேயே உயரமான நிலம் அதுதான். இராமநாதசுவாமி கோயிலுக்கு வடமேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் இருக்கும் இம்மேட்டின் மீது இரண்டடுக்கு மண்டபம் உண்டு. இராமர் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவோர் பாதிப் பயனை இழக்கிறார்கள். மேல்தளத்தில் நின்றால் தென்னையும் உடைமரமும் கலந்த பச்சைக்கு அப்பால் கோயில் கோபுரமும் அதற்கும் அப்பால் கடலும் தெரியும். மாலையில் போவது நல்லது. வெயில் முதுகுப் பக்கம் இருக்க, கோபுரம் வெளிச்சத்தில் நிற்கும். காலையில் கண் கூசும்.

1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் இரண்டாவது இடம். ஊரைவிட நீரிணையையும் படகுகளையும் 2025இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தையும் பார்க்கவே அது உதவும். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் பார்ப்பது ஆபத்தானது.

இராமேசுவரத்தின் மிக உயரமான அமைப்பு 323 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம். அது ஒளிபரப்புக்காகக் கட்டப்பட்டது, வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல.