இரு சடுதிமாற்றங்களும் ஒரு நகர எல்லையும்: குருதிப் புற்றாய்வு வரலாற்றில் வடசென்னை

பல புற்றுநோய்கள் ஒற்றை மரபணுப் பிறழ்வால் மட்டும் தோன்றுவதில்லை என்னும் கருத்து படிப்படியாக வலுப்பெற்றது. 1971இல் ஆல்பிரட் நட்சன், விழித்திரைப் புற்று பற்றிய புள்ளிவிவரங்களைக் கொண்டு, இரு சடுதிமாற்றங்கள் நேர்ந்தாலே அந்நோய் உண்டாகும் எனக் கருதினார். கேரி கில்லிலாந்து முதலியோர் 2002இல் கடும் மச்சைக் குருதிப் புற்றுக்கும் இத்தகைய விளக்கம் தந்தனர். உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மாற்றம் ஒன்று. உயிரணு முதிர்ச்சியைத் தடுக்கும் மாற்றம் மற்றொன்று. இரண்டும் கூடும்போதே நோய் முழுமை பெறும் என்பது அவர்தம் கோட்பாடு.

இதனைச் சோதிக்கும் களமாக எலி அமைந்தது. ஜார்ஜ் வாசிலியு குழுவினர் 2011இல் என்.பி.எம்.1 மரபணுவின் மாற்றத்தை எலியில் புகுத்தினர். அவ்வெலிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே, அதுவும் மிகத் தாமதமாக, நோயுற்றன. அம்மாற்றத்துடன் எஃப்.எல்.டி.3 மாற்றமும் சேர்ந்தபோது எல்லா எலிகளும் சில வாரங்களிலேயே நோயுற்றமை 2013இல் வெளியாயிற்று. முதல் மாற்றம் நெடுங்காலம் ஓசையின்றி உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதே இதன் உட்பொருள்.

இவ்வுட்பொருள் வடசென்னையின் வரலாற்றோடு தொடர்புடையது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. பெட்ரோலியத்தில் அடங்கிய பென்சீன் குருதிப் புற்றை உண்டாக்கவல்லது. இஸ்தான்புல் காலணித் தொழிலாளரிடையே இத்தொடர்பை முசாபர் அக்சோய் 1974இல் பதிவுசெய்தார். எனினும் ஒரு நோயாளியின் உடலில் எந்த மாற்றம் எதனால் விளைந்தது என்று தனித்துக் கூறுதல் அரிது. மக்கள்தொகை அளவிலான நீண்டகாலக் கணக்கே அதனை உணர்த்தும்.

அத்தகைய கணக்கு 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் சென்னைப் பெருநகரப் பதிவேட்டில் எழுதப்பட்டது. ஆயின் அதன் பரப்பு பழைய மாநகராட்சி எல்லையே. இராயபுரம் அதனுள் அடங்கியது. திருவொற்றியூர், மணலி, எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கம் ஆகியன 2011 வரை தனி நகராட்சிகளாக வெளியே நின்றன. அங்கிருந்து வந்த நோயாளி சிகிச்சை பெற்றிருக்கலாம். நகரின் நோய் வீதத்தில் அவர் எண்ணப்படவில்லை.

இதனால் அப்பகுதியில் நோய் மிகுதி என்றோ குறைவு என்றோ முடிவுகட்ட இயலாது. முதல் மாற்றம் நேர்ந்திருக்கக்கூடிய பதிற்றாண்டுகளுக்கு ஒப்பிடத்தக்க அடிப்படை எண் இல்லை என்பதே துணியத்தக்கது. ஆகவே வடசென்னைத் தொழிலக வரலாற்றை எழுதுவோர் மருத்துவமனை ஏடுகள், ஆலைப் பணிப் பதிவுகள், நகராட்சி இறப்புப் பதிவுகள் ஆகியவற்றை இணைத்து நோக்குதல் வேண்டும். எலி ஆய்வு உணர்த்திய கால இடைவெளியை மனிதரிடம் அளக்க அவையே எஞ்சிய சான்றுகள்.