கம்ப்யூட்டர் (சொல்)

கம்ப்யூட்டர் என்பது ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஆகும். இன்று இச்சொல் கணினி எனப்படும் மின்னணுப் பொறியைக் குறிக்கின்றது. எனினும் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, 300 ஆண்டுகளுக்கும் மேலாக, இது கணக்கிடும் மனிதரையே குறித்து வந்தது. அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு தொழிலின் பெயர். கம்ப்யூட்டருக்கு ஊதியமும் விடுப்பும் உண்டு. ஆளைக் குறித்த சொல் பொறியைக் குறிக்கத் தொடங்கிய முறை, மொழியியலில் பொருள் மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைகின்றது. இக்கட்டுரை சொல்லைப் பற்றியது. பொறியின் அமைப்பையும் வரலாற்றையும் பற்றியது அன்று.

சொற்பிறப்பு

இச்சொல்லின் வேர் கணக்கிடுதல் என்னும் பொருள் கொண்ட கொம்புத்தாரே என்ற இலத்தீன் வினைச்சொல் ஆகும். இது கொம் (ஒன்றாக, சேர்த்து), புத்தாரே என்னும் இரு பகுதிகளைக் கொண்டது. புத்தாரே என்பதற்குக் கொடியையோ மரத்தையோ கிளை கழித்துச் செப்பனிடுதல் என்ற பொருளும் எண்ணுதல், கருதுதல் என்ற பொருளும் இருந்தன. உறுப்பை வெட்டி நீக்குவதைக் குறிக்கும் ஆம்பியூட்டேட் என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் இருந்து வந்ததே. எண்ணுவதைக் குறிக்கும் கவுண்ட், கணக்கைக் குறிக்கும் அக்கவுண்ட் ஆகிய சொற்கள் கொம்புத்தாரேயில் இருந்து பிரெஞ்சு வழியாக உருமாறி ஆங்கிலத்தை அடைந்தவை. ஆகவே கவுண்ட், கம்ப்யூட் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் எனலாம்.

ஆங்கில நூல்களில் கம்ப்யூட்டர் என்ற சொல்லின் மிகப் பழைய பதிவு 1613 இல் ரிச்சர்ட் பிராத்வெய்ட் எழுதிய நூலில் காணப்படுகின்றது. அங்கு அது காலத்தைக் கணிப்பவர் என்ற பொருளில் வருகின்றது. ஐரோப்பியக் கிறித்தவ மரபில் உயிர்த்த ஞாயிறு வரும் நாளைக் கணிப்பது நெடுங்காலமாக ஒரு தனிக் கலையாக இருந்தது. எனவே தொடக்கத்தில் இச்சொல் நாள், திங்கள், ஆண்டு ஆகியவற்றைக் கணிப்பவர்களுடன் தொடர்புபட்டிருந்ததில் வியப்பில்லை.

தொழிற்பெயராக

18 ஆம் நூற்றாண்டில் வானியலும் கடற்பயணமும் வளர்ந்தபோது இச்சொல் ஊதியம் பெறும் ஒரு பணியின் பெயராயிற்று. நடுக்கடலில் செல்லும் கப்பலின் நெடுங்கோட்டை, சந்திரனுக்கும் குறித்த சில விண்மீன்களுக்கும் இடையிலான கோணத்தை அளந்து அறியும் முறை அப்போது உருவாகியிருந்தது. அதற்கு ஆண்டு முழுவதற்குமான சந்திரனின் நிலைகளை முன்கூட்டியே கணித்து அச்சிட வேண்டும். இதற்காக இங்கிலாந்தின் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின் வெளியிட்டதே நாட்டிக்கல் அல்மனாக் என்னும் கடற் பஞ்சாங்கம். அதன் முதல் பதிப்பு 1767 ஆம் ஆண்டுக்கு உரியது.

இப்பஞ்சாங்கத்தின் கம்ப்யூட்டர்கள் ஓர் அலுவலகத்தில் கூடியிருக்கவில்லை. இங்கிலாந்தின் பல ஊர்களில் தத்தம் வீடுகளில் இருந்தபடி அஞ்சல் வழியே வேலை செய்தனர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்வர். மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை தேடுவார். ஒருமுறை இருவர் தமக்குள் விடைகளைப் பார்த்து எழுதிக்கொண்டது தெரியவந்து வேலையை இழந்தனர். ஒரு பிழை கப்பலைப் பாறையில் மோதச் செய்யக்கூடும் என்ற நிலையில் அத்தண்டனை கடுமையானது என்று சொல்ல முடியாது.

லட்லோ என்னும் ஊரில் வாழ்ந்த மேரி எட்வர்ட்ஸ் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர். வேலை அவர் கணவரின் பெயரிலேயே பதியப்பட்டிருந்தது. 1784 இல் கணவர் இறந்த பின், இதுவரை கணக்குகளைச் செய்து வந்தவர் தாமே என்று தெரிவித்து, மேரி தம் பெயரிலேயே வேலையைத் தொடர்ந்தார். 1815 இல் அவர் இறந்தபின் அவருடைய மகள் எலைசா பணியை ஏற்றார். 1830களின் தொடக்கத்தில் இவ்வேலை இலண்டன் அலுவலகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டபோது எலைசாவுக்கு அங்கு இடம் கிடைக்கவில்லை. கிரீனிச் வானாய்வகத்தில் ஜார்ஜ் ஏரியின் காலத்தில் பள்ளி வயதுச் சிறுவர்கள் குறைந்த ஊதியத்துக்குக் கம்ப்யூட்டர்களாக அமர்த்தப்பட்டனர்.

இந்தியாவிலும் இப்பதவி இருந்தது. வில்லியம் லாம்டன் 1802 இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, வடக்கே இமயமலை வரை நீண்டது. களத்தில் அளந்த கோணங்களைத் தொலைவுகளாகவும் உயரங்களாகவும் மாற்ற அதற்குக் கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டனர். வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் 1831 இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் இப்பணியில் சேர்ந்து, பின்னர் தலைமைக் கம்ப்யூட்டராக உயர்ந்தார். 1843 இல் நில அளவைத் தொழிலாளரிடம் ஊதியமின்றி வேலை வாங்கிய ஆங்கிலேய நீதிபதி ஒருவரை எதிர்த்ததற்காக 200 ரூபாய் தண்டமும் கட்டினார்.

பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் எண்ணிடப்பட்டிருந்த மலையே உலகில் உயரமானது என்பது இவரது தலைமைக் காலத்துக் கணிப்புகளில் இருந்து தெரியவந்தது. 1856 இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020 இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த 8848.86 மீட்டருடன் ஒப்பிட்டால் வேறுபாடு 10 மீட்டருக்கும் குறைவே. சிக்தார் ஒருநாள் மேலதிகாரியின் அறைக்குள் ஓடிச்சென்று செய்தியைச் சொன்னார் என்னும் கதை பரவலாக உள்ளது. ஆனால் கணிப்பு பல ஆண்டுகள், பலர் கைகளில் நடந்தது; கதையை அப்படியே நம்புவதற்கில்லை. அந்தச் சிகரத்துக்கு முன்னாள் தலைமை அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் இடப்பட்டது. நில அளவைக் கையேட்டின் 1851 ஆம் ஆண்டுப் பதிப்பில் சிக்தாரின் பங்களிப்பு பெயருடன் குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் 1870 இல் இறந்தபின் 1875 இல் வந்த பதிப்பில் அப்பெயர் இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்ட் பிக்கரிங் இயக்குநராக இருந்த காலத்தில் (1877-1919) பெருந்தொகையான பெண்கள் கம்ப்யூட்டர்களாகப் பணிபுரிந்தனர். கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன் படங்களை ஆராய்ந்து வகைப்படுத்துவது அவர்கள் வேலை. ஊதியம் மணிக்கு 25 முதல் 30 சென்ட் வரை. அவர்களுள் ஒருவரான ஹென்றியெட்டா லெவிட், சில வகை மாறும் விண்மீன்களின் ஒளி கூடிக்குறையும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கண்டறிந்தார். இம்முடிவு 1912 இல் பிக்கரிங்கின் கையொப்பத்துடன் வெளியானது. தயாரித்தவர் லெவிட் என்ற குறிப்பு உள்ளே இருந்தது. அண்டங்களின் தொலைவை அளக்க எட்வின் ஹபிள் பயன்படுத்திய அளவுகோல் இதுவே.

பொறியின் பெயராதல்

சார்லஸ் பாபேஜ் 19 ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பொறிகளை அவர் எஞ்சின் என்றே அழைத்தார். கம்ப்யூட்டர் என்று அழைக்கவில்லை. கணக்கிடும் கருவி என்ற பொருளில் இச்சொல் 1890களில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகின்றது. அதன் பின்னரும் ஆளைக் குறிக்கும் பொருளே முதன்மையாக இருந்தது. ஆலன் டூரிங் 1936 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டர் என வருவது தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் மனிதரே. இதை அறியாமல் அக்கட்டுரையைப் படிக்கும் இன்றைய மாணவர் குழப்பம் அடைவது எளிது. இதனால் பிற்கால ஏரண அறிஞர்கள் சிலர், மனிதரைக் குறிக்கும்போது அச்சொல்லின் இறுதியில் உள்ள ஈ என்னும் எழுத்துக்கு மாற்றாக ஓ இட்டு எழுதுகின்றனர்.

இரண்டாம் உலகப் போரின்போது மாற்றம் விரைவடைந்தது. பீரங்கிக் குண்டுகளின் பாதைகளைக் காட்டும் அட்டவணைகளைத் தயாரிக்கப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பலர் கம்ப்யூட்டர்களாக அமர்த்தப்பட்டனர். ஒரு பாதையை மேசைக் கணிப்பான் உதவியுடன் கணிக்க ஒருவருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரம் ஆனது. அதே வேலைக்கென அங்கு உருவாக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணுப் பொறி அதை அரை நிமிட அளவில் முடித்தது. எனியாக்கின் முழுப்பெயரில் இறுதிச் சொல் கம்ப்யூட்டர் ஆகும்.

அப்பொறிக்குச் செயல்நிரல் அமைக்க ஆறு பெண்கள் தெரிவு செய்யப்பட்டனர்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி சினைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிச்சர்மன். அறுவரும் அதற்கு முன் கம்ப்யூட்டர் என்ற பதவியில் இருந்தவர்கள். 1946 பெப்ரவரியில் பொறி பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டபோது அவர்களின் பெயர்கள் அறிவிக்கப்படவில்லை. பதவியின் பெயர் பொறிக்குச் சென்றது. பதவியில் இருந்தவர்கள் பல பத்தாண்டுகள் அறியப்படாமல் இருந்தனர்.

தொடக்ககாலப் பொறிகளின் பெயர்களை நோக்கினால் பொருள் மாறிய வழி தெளிவாகும். எட்வாக், யூனிவாக் ஆகிய பெயர்களின் விரிவில் தானியங்கு கம்ப்யூட்டர் என்னும் தொடர் வருகின்றது. அடைமொழி இல்லாத கம்ப்யூட்டர் என்றால் ஆள் என்றே பொருள்பட்டதால் பொறிக்கு அடைமொழி தேவையாயிற்று. 1950 இல் டூரிங் எழுதிய மற்றொரு கட்டுரையில் இரண்டுக்கும் அடைமொழி உண்டு: ஒன்று மனிதக் கம்ப்யூட்டர், மற்றது எண்முறைக் கம்ப்யூட்டர். பின்னர் பொறி தன் அடைமொழியை உதறிவிட்டது. அடைமொழி மனிதருக்கு மட்டும் நிலைத்தது.

ஆயினும் பழைய பொருள் உடனே மறைந்துவிடவில்லை. வர்ஜீனியாவில் உள்ள லாங்லி வானூர்தி ஆய்வகத்தில் 1935 முதல் பெண் கம்ப்யூட்டர்கள் இருந்தனர். 1943 இல் இருந்து கறுப்பினப் பெண்களும் சேர்க்கப்பட்டு, இனப் பிரிவினைச் சட்டங்களின்படி தனிப் பிரிவில் அமர்த்தப்பட்டனர். 1949 இல் டோரதி வாகன் அப்பிரிவின் பொறுப்பாளரானார். 1953 இல் பணியில் சேர்ந்த கேத்ரின் ஜான்சன், 1962 இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரும் முன், ஐபிஎம் பொறி தந்த எண்களைக் கையால் கணித்துச் சரிபார்த்தார். அவ்வாறு செய்யும்படி கேட்டவர் கிளென் தாமே. ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைச் சரிபார்த்த நிகழ்வு என்று இதைக் கூறினால், அன்றைய ஆங்கிலத்தில் அது பிழையாகாது.

பிற்காலப் பொருள்கள்

1980 இல் இலண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடிகளில் மனத்தால் பெருக்கிக் காட்டிய பெங்களூரைச் சேர்ந்த சகுந்தலா தேவி, மனிதக் கம்ப்யூட்டர் என்று புகழப்பட்டார். இங்கு அச்சொல் பழைய தொழிலைச் சுட்டவில்லை. பொறியைப் போன்ற மனிதர் என்று உவமையாக வருகின்றது. மனிதரின் வேலையைச் செய்வதால் பொறிக்குக் கிடைத்த பெயர், பொறியின் வேலையைச் செய்வதால் மனிதருக்குத் திரும்பி வந்தது.

அண்மைக் காலத்தில் இச்சொல்லின் எல்லை குறுகியும் வருகின்றது. திறன்பேசியும் ஒரு கணினியே. ஆயினும் பேச்சு வழக்கில் கம்ப்யூட்டர் என்றால் விசைப்பலகையும் திரையும் கொண்ட மேசைக் கணினியோ மடிக்கணினியோ மட்டுமே நினைவுக்கு வருகின்றது. ஆப்பிள் நிறுவனம் 2007 இல் தன் பெயரில் இருந்து கம்ப்யூட்டர் என்ற சொல்லை நீக்கியது. அவ்வாண்டிலேயே ஐபோன் வெளிவந்தது.

பிற மொழிகளிலும் தமிழிலும்

பிரெஞ்சு மொழியில் 1955 இல் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஜாக் பெரே என்னும் பேராசிரியர் ஒழுங்குபடுத்துபவர் என்னும் பொருள்பட ஓர்தினாத்தர் என்ற சொல்லை முன்மொழிந்தார். எசுப்பானியாவில் அதையொத்த சொல்லும், இலத்தீன் அமெரிக்காவில் கொம்புத்தாதோரா என்னும் சொல்லும் வழங்குகின்றன. சீனத்தில் மின்மூளை என்று பொருள்படும் சொல் பரவலாக வழங்குகின்றது.

தமிழில் கணிப்பொறி, கணினி ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. இலங்கையில் கணனி என்ற வடிவமும் பரவலாகக் காணப்படுகின்றது. கணி என்னும் பகுதி அதில் சிதைவதால் சிலர் அதை ஏற்பதில்லை. இச்சொற்கள் யாவும் தொடக்கத்தில் இருந்தே பொறியை மட்டும் குறிப்பவை. ஆனால் அவற்றின் அடியான கணி அவ்வாறன்று. பழந்தமிழில் கணி, கணியன் என்பன நாளும் கோளும் கணிப்பவரைக் குறித்தன. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரில் உள்ள அடைமொழிக்கும் பொதுவாக இப்பொருளே கொள்ளப்படுகின்றது. 1613 இல் ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்பதற்கு இருந்த பொருளும் ஏறத்தாழ இதுவே.