மணிலா விதையின் மூப்பு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மணிலா எனும் நிலக்கடலைப் பயிரின் வரலாற்றை மழையையும் விலையையும் வைத்துச் சொல்வதே வழக்கம். இரண்டும் பெரிய காரணங்கள்தான். ஆனால் இந்தப் பயிரில் யார் முதல் போட்டார்கள், யார் ஒதுங்கிக்கொண்டார்கள், எந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று தேடினால், அவற்றுக்கும் அடியில் வேறொரு காரணம் இருப்பது தெரியும். மணிலா விதை சீக்கிரம் மூப்படைகிறது. நெல்லை ஓராண்டு பத்திரப்படுத்தி விதைத்துவிடலாம். மணிலாப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அந்த எண்ணெய் காற்றுப் பட்டு மெல்லக் கெடும்போது செல்களின் சவ்வுகளும் சேர்ந்து சிதைகின்றன. சிக்கு வாடை மூக்குக்கு எட்டும் முன்பே முளைப்புத்திறன் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த மூப்பு முதலில் வியாபாரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், இந்த வட்டாரம் அடங்கிய தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை திறந்ததும் துறைமுகம் பக்கத்தில் வந்துவிட்டது. காயாக அனுப்பினால் கப்பலில் இடம் அடைக்கும் என்பதால் பருப்பாக உடைத்து அனுப்பினார்கள். கையால் உடைப்பது சுலபமாக வேண்டுமென்று காயின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். எடையும் கொஞ்சம் கூடியது. ஈரம் ஏறிய பருப்பு வாரக்கணக்கில் கப்பலுக்குள் வெந்து புழுங்கியது. மார்செய் சேர்ந்தபோது அதன் எண்ணெயில் அமிலம் மிகுந்து, சமையலுக்கு ஆகாமல் சோப்புக்கு மட்டுமே உதவியது. விலையும் அதற்கேற்ப இறங்கியது. உலர்ந்த காயை இயந்திரத்தில் உடைக்கும் முறை பரவிய பிறகே அந்தக் கெட்ட பெயர் குறைந்தது. ஈரமும் வெப்பமும் மூப்பை விரைவுபடுத்தும் என்பதை அந்த வியாபாரிகள் நட்டப்பட்டுக் கற்றார்கள். கலிபோர்னியாவின் விதையியலாளர் ஹாரிங்டன் பின்னாளில் அதைக் கணக்காகவே வகுத்தார்: விதையில் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்தாலும் அப்படியே.

1890களில் சென்னை மாகாணத்தில் மணிலாச் சாகுபடி சரிந்தது. உள்ளூர் விதை தேய்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. மொரிஷியஸ் என்ற பெயரில் வெளியிலிருந்து விதை வந்தபின் பயிர் மீண்டது. இதையும் மூப்புக் கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூப்படைவது தனி விதை. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் மணிலாவில் ஒரு ரகம் தானாகக் கிழடாவதில்லை. கலப்பும், நோயும், பொறுக்காமல் விதைப்பதும் அதைக் கெடுக்கின்றன. 1905இல் பாலூரில் வந்த பண்ணையும், 1930களில் திண்டிவனத்தில் வந்த எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமும் செய்த வேலையே இதற்குச் சான்று. குடியாத்தம் கொத்து மணிலாவிலிருந்து பொறுக்கியெடுத்து 1940இல் திண்டிவனம் வெளியிட்ட டிஎம்வி 2, பல பத்தாண்டுகள் தமிழகம் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் விளைந்தது.

மூப்புக்கு எண்ணெய்தான் காரணம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா என்று உயிரியல் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்த டென்ஹாம் ஹார்மன், எண்ணெயைக் கெடுக்கும் தனி உறுப்புகள் (free radicals) என்ற நிலையற்ற மூலக்கூறுகளே மனித உடலையும் மூப்படையச் செய்கின்றன என்று 1956இல் எழுதினார். அந்தக் கருத்தை நம்பி ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை விற்கும் பெருந்தொழில் வளர்ந்தது. 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்ட புகைப்பிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. மனித மூப்புக்கு அந்த ஒற்றைக் காரணம் போதாது என்று இன்று தெளிவாகியிருக்கிறது. ஆனால் மனித உடல் ஒவ்வொரு கணமும் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. உலர்ந்த விதையால் அது முடியாது. நீர் உறிஞ்சிய பிறகே பழுதுபார்க்கும் வேலை தொடங்கும். அதுவரை சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. மனிதனிடம் பாதி தோற்ற ஹார்மனின் கருத்து மணிலா மூட்டையில் நன்றாகவே பொருந்துகிறது.

உழவர்கள் இதற்குக் கண்ட வழியைப் போதுமான அளவு யாரும் மெச்சவில்லை. விதையைக் காயாகவே வைத்து, விதைப்பதற்குச் சற்று முன்புதான் உடைத்தார்கள். தோடு இருக்கும்வரை பருப்புக்கு அடியும் காற்றும் குறைவு. அதைவிடப் பெரியது பட்டச் சங்கிலி. ஆடி மானாவாரியில் விளைந்த காய் மார்கழி இறவைக்கு விதை. சித்திரையில் பறித்த இறவைக் காய் அடுத்த ஆடிக்கு விதை. விதை கிழடாக நேரமே தருவதில்லை. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது என்பதும் இங்கே உதவியது. பறித்த கொஞ்ச நாளிலேயே அவை முளைக்கும். அதே குணம், பறிப்பு நேரத்தில் மழை பிடித்தால் காயை மண்ணுக்குள்ளேயே முளைக்கவைத்து அழித்தும்விடும். கிணறு இல்லாதவருக்கு இந்தச் சங்கிலி பாதியில் அறுந்தது. அவர்தான் விதைப்பு நேரத்தில் கடனுக்கு விதை வாங்கினார்.

அது வறுமையின் கதை, விதையின் கதை அல்ல என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானால் சோளத்துக்கும் பருத்திக்கும் ஓடி வந்த தனியார் விதை நிறுவனங்கள் மணிலாவை ஏன் பெரும்பாலும் தொடவில்லை? ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். விதைத்ததைப் போலப் பத்து மடங்கு கிடைத்தாலே நல்ல பெருக்கம். உழவரே விதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். விற்காமல் தங்கிய சரக்கு அடுத்த ஆண்டு முளைக்காது. குளிர்க்கிடங்கு இருக்கிறதே என்றால், சில கிராம் காய்கறி விதைக்குக் கட்டுப்படியாகும் செலவு 50 கிலோ மூட்டைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே இந்தச் சுமை திண்டிவனம் போன்ற அரசு நிலையங்களிடமும் உழவரிடமும் நின்றுவிட்டது. சான்று பெற்ற மணிலா விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். அதன்படியே வாங்கினாலும் 50 கிலோவில் 15 கிலோ முளைக்காமல் போகலாம். அந்த 15 கிலோவுக்கும் உழவர் விதை விலையே கொடுக்கிறார்.